கையைக் கட்டிக்கொள்ளும் சோதினை

1

அடுத்த வியாழக்கிழமை எனக்குச் சோதினை. ஐம்பது வயதைத் தாண்டி, மகளும் படித்து முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்ட பிறகு எனக்குச் சோதினை. அதுவும் முதல் தடவை அல்ல. போன இலையுதிர்காலத்தில் ஒருமுறை தோற்றித் தவறிவிட்டேன். இந்தப் படிப்பில் இன்னும் ஒரே ஒரு தடவைதான் தோற்றலாம். வியாழக்கிழமையும் தவறினால் கதை முடிந்தது. மூன்றாவது தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

பயந்துபோயிருக்கிறேன். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல் துலக்கும்போது பயம், பஸ்ஸுக்கு நிற்கும்போது பயம், பருப்பு அவியும்போதும் பயம். நேற்றுக் கறிக்கு உப்புப் போட்டேனா என்று நினைவில்லாமல் மறுபடியும் போட்டுவிட்டேன். இவர் ஒரு வாய் வாங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இவர் என்றால் என் கணவர் சிவநேசன். அவர் சொல்லாமல் விட்டதிலிருந்தே என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று விளங்கிக்கொண்டேன்.

கொக்குவிலில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"இந்த வயசிலை என்ன சோதினையடி உனக்கு?"

"அக்டிவீறுங் எண்டு சொல்லுறது, அக்கா. வயசு போன ஆக்களைச் சும்மா இருக்க விடாமல் ஏதாவது செய்ய வைக்கிறது. பாட்டு, சமையல், பூ நடுறது, பந்து எறியிறது."

"வயசு போனதுகளோடை விளையாடுறதுக்கும் சோதினையோ?"

"ஓம்."

"நல்ல நாடு. இஞ்சை நாங்கள் சும்மா செய்யிறதுக்கு அங்கை பத்திரம் கேக்கிறாங்கள்."

அக்கா சொன்னதில் பிழையில்லை. சுவிஸில் எதற்கும் ஒரு படிப்பு உண்டு, அந்தப் படிப்புக்கு ஒரு பத்திரமும் உண்டு. முடி வெட்ட, பாண் சுட, புகைபோக்கி துடைக்க எல்லாவற்றுக்கும் வருஷக் கணக்கில் படிக்கிறார்கள். ஊரில் நான் பாலர் பாடசாலை ஆசிரியை. அந்தப் பத்திரத்தை இங்கே கொண்டுபோய்க் கொடுத்தபோது, பயிற்சி நடந்த நிறுவனத்திடமிருந்து பாட விபரம் வேண்டும் என்றார்கள். அந்த நிறுவனம் இருந்த கட்டடமே இப்போது இல்லை என்றேன். அதை அந்த நிறுவனமே எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும் என்றார்கள். அன்றைக்கு வீதியில் நின்று சிரித்தேன். பிறகு ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் கோப்பை கழுவப் போனேன்.

அந்த இல்லம் இருப்பது நாங்கள் வசிக்கும் லாங்கன்தாலில்தான். கோப்பை கழுவி, பிறகு பராமரிப்பு உதவியாளராகிப் பலபேரைத் தூக்கிக் குளிப்பாட்டி, முதுகு போன பிறகுதான் அக்டிவீறுங் பகுதிக்குப் பொறுப்பான பிராவ் அமான் என்னைக் கவனித்தார். பிராவ் என்றால் இங்கே திருமதி. "நீங்கள் குளிப்பாட்டும்போது அவர்களைப் பாட வைக்கிறீர்கள். அதைப் படியுங்கள்" என்று பள்ளிக்கு அனுப்பினார். அவர் இந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு டிப்ளோமா உள்ளவரைத்தான் எடுக்கலாம். நான் தவறினால் வேறொருவர் வருவார், நான் மறுபடியும் ஆட்களைத் தூக்கும் வேலைக்குப் போக வேண்டும். முதுகு ஒரு பக்கம் இருக்கட்டும், எனக்கு அந்த அறையைப் பிடிக்கும். பிடித்த இடத்தை இழந்து பழகிய ஆள்தான் நான். அதனால் பயம் குறைந்துவிடும் என்று நினைத்தால், கூடத்தான் செய்கிறது.

2

எப்படித் தவறினேன் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் நம்பமாட்டார்கள். உதவி செய்து தவறினேன்.

சொப்ஃப் என்று இங்கே ஒரு பாண் இருக்கிறது. வெண்ணெயும் பாலும் சேர்த்துப் பிசைந்த மாவைத் தலைமயிர் பின்னுவதுபோலப் பின்னி, முட்டை மஞ்சள் பூசிச் சுடுவது. ஞாயிறு காலைச் சாப்பாட்டுக்காகச் சனிக்கிழமையே வீடுகளில் சுட்டு வைப்பார்கள். எங்கள் இல்லத்திலும் சனிக்கிழமைகளில் முதியவர்களை மேசையைச் சுற்றி இருத்திச் சொப்ஃப் பின்ன வைப்போம். வழக்கமாக இரண்டு இழையைக் குறுக்கே போட்டுப் பின்னுவார்கள். அது சிக்கலென்று நாங்கள் மூன்று இழையாக்கிச் சுலபப்படுத்தியிருந்தோம்.

அந்த மேசையின் ராணி பிராவ் ரீசர். வாழ்நாள் முழுக்கப் பண்ணையில் வேலை செய்தவர். மறதி நோய் முற்றி, பார்க்க வரும் மகனைத் தபால்காரர் என்று நினைப்பவர். ஆனால் மா கையில் பட்டால் போதும், விரல்கள் தம் பாட்டில் ஓடும். அதனால்தான் என் செய்முறைச் சோதினைக்குச் சொப்ஃபைத் தெரிவு செய்தேன், பிராவ் ரீசரை நடுவில் இருத்தினேன். சோதினையாளர்கள் இருவர் யன்னலோரம் கதிரை போட்டு, மடியில் அட்டை வைத்துக்கொண்டு இருந்தார்கள். ஒருவர் வயதான பெண், மற்றவர் மெல்லிய குரலுள்ள இளம் மனிதர்.

பிராவ் ரீசர் ஒரு இழையைப் போட்டார், அடுத்ததையும் போட்டார். மூன்றாவதைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். இழை கையில் தொங்குகிறது. அது எங்கே போக வேண்டும் என்று தெரியவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

என் கை போய்விட்டது. நான் போகச் சொல்லவில்லை, அது தானாகப் போய்விட்டது. மகளுக்குப் பாலர் வகுப்புக்கு நேரமாகிறதென்று அவசர அவசரமாகத் தலை பின்னிவிட்டுப் பழகிய கை. மூன்று இழையையும் வாங்கி, மளமளவென்று நுனிவரை பின்னி, நுனியை உள்ளே மடித்துச் செருகி, அவர் முன்னால் வைத்து, "இந்தாங்கோ, முடிஞ்சுது" என்று தமிழிலேயே சொன்னேன். பிராவ் ரீசர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மரியாதையாக நன்றி சொன்னார். பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினார். யன்னலோரம் பேனை ஓடும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்த நேர்முகத்தில் அந்த இளம் மனிதர் கேட்டார். "இந்தச் சொப்ஃபை யார் செய்தது?"

"பிராவ் ரீசர்."

"இல்லை, பிராவ் சிவநேசன். நீங்கள் செய்தது."

உதவி செய்வதில் என்ன பிழை என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் அன்று அதுதான் கேள்வி. பெரியவர் ஒருவர் தண்ணீருக்குக் கையை நீட்டும் முன்பே செம்பை எடுத்துக் கொடு என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். வயதான மனுஷி தடுமாறும்போது கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருப்பவளை ஊரில் கல்நெஞ்சுக்காரி என்பார்கள். இங்கேயோ அது தொழிலின் முதல் விதி. முதலில் வாயால் கேட்க வேண்டும். விளங்காவிட்டால் சைகையால் காட்ட வேண்டும். அதுவும் சரிவராவிட்டால் அவர் கைக்குக் கீழே உன் கையைக் கொடுக்க வேண்டும். நீயே செய்வது கடைசி. நான் கடைசியில் இருந்து தொடங்கியிருந்தேன்.

தவறியது அல்ல என்னைப் பயப்படுத்தியது. அடுத்த சனிக்கிழமை பிராவ் ரீசர் முன்னால் மாவை வைத்தேன். அவர் அதை மெதுவாக என் பக்கம் தள்ளினார். "நீங்கள்தான் இதை நன்றாகச் செய்கிறீர்கள்" என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் தள்ளினார். என் பெயர் அவருக்குத் தெரியாது, நான் யாரென்றும் தெரியாது. ஆனால் இது தன் வேலையல்ல என்பது மட்டும் எப்படியோ அவருக்குள் பதிந்துவிட்டது. நோய் இத்தனை வருஷமாக விட்டுவைத்திருந்ததை நான் ஒரு நிமிஷத்தில் பிடுங்கிவிட்டேன்.

3

பேனைச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நான் அகதியாக வந்து இறங்கியபோது ஒரு சின்ன அறையில் என்னை விசாரித்தார்கள். கேட்பதற்கு ஒருவர், மொழிபெயர்க்க ஒருவர், எழுத ஒருவர். ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டார்கள். முதல் தடவை சொன்ன பதிலும் அடுத்த தடவை சொன்ன பதிலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொய் என்று எடுப்பார்கள் என்று முகாமில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனாலும் நான் பேசாமல் இருக்கும்போதும் அந்த எழுதுகிறவர் எழுதிக்கொண்டிருந்தார். பேசாததில் என்ன எழுத இருக்கிறது என்று யோசித்து யோசித்து எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

இன்றைக்கு என்னிடம் சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு இருக்கிறது. வாக்குப் போடுகிறேன். ஆனாலும் என் முன்னால் யாராவது என்னைப் பார்த்து எழுதினால் வாய் உலர்கிறது. பல் வைத்தியர் எழுதினாலும் அப்படித்தான். செய்முறைச் சோதினை முழுக்க ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவதுதான். இதைப் பிராவ் அமானிடம் சொன்னேன். அவர் ஒரு நாள் முழுக்க அட்டையும் பேனையுமாக என் பின்னால் திரிந்தார். பழகட்டும் என்று. மத்தியானம் பார்த்தால் அட்டையில் கடைச் சாமான்களின் பெயர் எழுதியிருக்கிறார். சிரித்தேன். பயம் போகவில்லை.

4

இனி வீட்டுக் கதை. இதை எழுதுவதா என்று இரண்டு மனமாக இருந்தேன்.

இவருக்கு முந்திய வருஷம் பாரிசவாதம் வந்தது. தொழிற்சாலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டார். உயிருக்கு ஒன்றும் இல்லை, பேச்சும் தப்பிவிட்டது. கால் மெல்ல மெல்லச் சரியானது. வலது கை மட்டும் அரைவாசியில் நின்றுவிட்டது. கைப்பயிற்சி கொடுத்த பெண், கை சாகவில்லை, வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் வரும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தடித்த பிடி போட்ட கரண்டி ஒன்றும் தந்தார். இவர் அதை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

"சோத்தைக் கரண்டியாலை அள்ளித் தின்ன நான் என்ன வெள்ளைக்காரனோ?"

இடது கையால் சாப்பிடுங்கோ என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. அப்படிச் சாப்பிட்டு வளர்ந்தவர் இல்லை. ஒருமுறை தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். பந்தியில் வலது கையால் அள்ளிய சோறு வாய்க்குப் போகும் வழியில் வேட்டியில் கொட்டியது. பக்கத்தில் இருந்தவர் காணாததுபோல மறுபக்கம் திரும்பினார். அந்தத் திரும்பல்தான் இவரை உடைத்தது. அதற்குப் பிறகு இவர் கல்யாணத்துக்கும் போவதில்லை, கோவில் அன்னதானத்துக்கும் போவதில்லை.

அதனால் நான் தீத்தினேன். சோற்றைக் குழைத்து, கறியைப் பிசைந்து, உருண்டை பிடித்து வாயில் வைத்தேன். ஆஸ்பத்திரியால் வந்த புதிதில் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். எனக்கு அது பிடித்திருந்தது. கல்யாணம் கட்டியதிலிருந்து இரண்டு பேரும் வேலை வேலை என்று ஓடியவர்கள் நாங்கள். அவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல் வேலை. ஒருவர் முகத்தை ஒருவர் இவ்வளவு கிட்டத்தில் பார்த்தது இந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான்.

எங்கள் மகள் ஆரணி டீட்டிகோனில் இருக்கிறாள், பொருட்களை அனுப்பும் கம்பனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை. சில ஞாயிறுகளில் வருவாள். முன்பெல்லாம் இரவு தங்குவாள். இப்போது சாப்பிட்டுவிட்டு, தொலைபேசியைப் பார்த்துவிட்டு, ட்ரெயினைப் பிடித்துவிடுகிறாள். போன ஞாயிறு நான் தகப்பனுக்குத் தீத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் அப்பாவுக்குத் தீத்துறீங்கள்?"

"அப்பாவுக்குக் கை ஏலாது தானே, பிள்ளை."

"ஏலாதோ, இல்லாட்டி நீங்கள் ஏலாமல் பண்ணிட்டீங்களோ?"

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "எனக்கு என்ரை மனிசி தீத்துறா. உனக்கென்ன?"

"அதுக்குத்தான் அப்பா, அம்மாவைப் பெயில் விட்டவை."

 பிறகு அவள் என்னைப் பார்த்து ஜெர்மனில் வேகமாக ஒன்று சொன்னாள். எங்களோடு தமிழில் கதைத்துக்கொண்டிருப்பவள், உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் மொழியை மாற்றிவிடுவாள். இவருக்குத் தெரிந்தது தொழிற்சாலை ஜெர்மன் மட்டும்தான்.

"என்னவாம்?" என்று என்னைக் கேட்டார்.

"ட்ரெயினுக்கு நேரமாகுதாம்."

அவள் சொன்னது அதுவல்ல. அப்பா சுகமாகிவிடுவாரோ என்று உனக்குப் பயம், அம்மா. அதைத்தான் சொன்னாள். அவள் போன பிறகு குசினிக்குள் நின்று இல்லை, இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு கடைசியாக இவரது கையை எப்போது உற்றுப் பார்த்தேன் என்று யோசித்தேன். மடியில் கிடந்தது. பிராவ் ரீசரின் கைகள் கிடந்த அதே மாதிரி.

5

சோதினைக்கு எந்தச் செயற்பாட்டை எடுப்பது என்று பிராவ் அமானோடு கதைக்கப் போனேன். நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. பழைய பாட்டுப் போடுவேன், அவர்கள் கேட்பார்கள், பிறகு நினைவுகளைச் சொல்வார்கள். மேசையில் மா இல்லை, இழை இல்லை, என் கை போவதற்கு இடமே இல்லை.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "நன்றாக இருக்கிறது. நீங்கள் எங்கே இருப்பீர்கள்?" என்றார்.

"எங்கே என்றால்?"

"இதில் உங்களுக்கு என்ன வேலை? வானொலியும் இதைச் செய்யும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது, என் கையை நான் நம்பவில்லை, மேசைக்குக் கிட்டப் போனால் அது மறுபடியும் போய்விடும் என்று சொன்னேன். பிராவ் அமான் என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. இந்த நாட்டில் அப்படிச் செய்யமாட்டார்கள். ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டையை மேசையில் வைத்தார். என் பக்கம் தள்ளவும் இல்லை. நானே எட்டி எடுத்தேன். எடுத்த பிறகுதான் அவர் என்ன செய்தார் என்று விளங்கியது. கோபமும் வந்தது.

"சொப்ஃப் செய்கிறேன்" என்றேன்.

"யாரோடு?"

"பிராவ் ரீசரோடு."

அவர் புருவத்தை உயர்த்தினார். "பிராவ் ரீசர் மாவைத் தொடுவதில்லை. தெரிந்த ஒன்றைச் செய்யக்கூடிய நான்கு பேரை எடுங்கள். இது சோதினை, பிராவ் சிவநேசன், இது கடைசிச் சோதினை."

அவர் சொன்னதுதான் புத்தியான வழி. அன்று முழுக்க அதைச் செய்யத்தான் நினைத்தேன். ஆனால் பிராவ் ரீசரை விட்டுவிட்டு மற்றவர்களை மேசைக்குக் கூப்பிட்டால், அவர் அறைக் கதவு திறந்துதான் இருக்கும், மா வாசம் அங்கேயும் போகும். அந்த வாசத்துக்கு அவர் எழும்பி வந்து நின்றால் என்ன சொல்வது? பத்திரத்துக்காக ஒரு மனுஷியை மறைத்து வைப்பதா? இதை வீரம் என்று எடுத்துவிடாதீர்கள். அப்படி மறைத்துவிட்டுச் சித்தியடைந்தால் அந்த அறையில் தினமும் அவரைப் பார்க்க எனக்குப் பயம். பெரிய பயமொன்று சின்னப் பயத்தைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான்.

6

வெள்ளிக்கிழமை பின்னேரம் இதை எழுதுகிறேன். சோதினை நேற்று முடிந்தது.

காலையில் தேத்தண்ணீர் கூட இறங்கவில்லை. மேசையைச் சுற்றிப் பிராவ் ரீசரோடு சேர்த்து நான்கு பேரை இருத்தினேன், மாவை வைத்தேன், கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்தேன். படிப்பில் அப்படி ஒன்றும் சொல்லித் தரவில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. யன்னலோரம் அதே இருவர், மடியில் அதே அட்டைகள்.

மற்ற மூவரும் தொடங்கிவிட்டார்கள். பிராவ் ரீசர் தன் இழைகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் தள்ளினார்.

"நீங்கள் செய்யுங்கள்."

"இது உங்களுடைய மா, பிராவ் ரீசர். எங்கே தொடங்குவது?"

"எனக்குத் தெரியாது."

"நாங்கள் காத்திருப்போம்."

காத்திருந்தோம். அந்த மூவரும் பின்னி முடித்தார்கள். ஒருவர் தன் சொப்ஃபைத் தூக்கிக் காட்டினார், பாராட்டினேன். பிராவ் ரீசரின் மா காயத் தொடங்கியது. அவர் கண் கலங்கியது. அழப்போகிறாரா என்று தெரியவில்லை. யன்னல் பக்கம் பேனை ஓடியது. கிழவியைக் கலங்கவிட்டு இவள் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறாள் என்று எழுதுகிறார்களா? கையை எடுத்தாலும் தோல்வி, எடுக்காவிட்டாலும் தோல்வி என்று தோன்றியது.  அவர் கைக்குக் கீழே கையைக் கொடுக்கலாமா என்று நினைத்து ஒரு கையை வெளியே எடுத்தேன். எடுத்த கை மாவைத்தான் தேடிப் போகும் என்று எனக்குத் தெரிந்தது. மறுபடி உள்ளே வைத்தேன்.

"காய்ந்துபோகிறது" என்று பிராவ் ரீசர் சொன்னார்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஜெர்மனில், "காய்கிறதுதான். என்ன செய்வோம்?" என்றேன்.

அவர் எரிச்சலோடு மூன்று இழையையும் சேர்த்து ஒரு உருண்டையாகப் பிடித்தார். வீணாகப் போகும் மாவைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு பண்ணைக்காரிக்கு ஏலாது போலும். உள்ளங்கை அடியால் அழுத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அழுத்தினார். எனக்கு மூச்சு வந்தது. நேரம் முடிந்துவிட்டது என்று அந்தப் பெண் சோதினையாளர் சொன்னபோதும் பிராவ் ரீசர் பிசைந்துகொண்டுதான் இருந்தார். பின்னவில்லை.

நேர்முகத்தில் அந்த மெல்லிய குரல் மனிதர் கேட்டார். "மூன்று சொப்ஃப் இருக்கிறது. பிராவ் ரீசருக்குச் சொப்ஃப் இல்லை. அவர் கலங்கினார், நீங்கள் உதவவில்லை. ஏன்?"

போனமுறை உதவி செய்ததற்காக என்னைப் பெயில் விட்டவர் இந்த மனிதர்தான். இதற்குப் படித்த பதில் ஒன்று வைத்திருந்தேன், நல்ல ஜெர்மனில். அது வரவில்லை.

"எனக்கு முழு நேரமும் பயமாக இருந்தது" என்றேன். "ஒன்றும் செய்யாமல் இருந்தது பயத்தால் அல்ல. பயத்தோடு இருந்தேன். போன இலையுதிர்காலத்திலிருந்து பிராவ் ரீசர் மாவைத் தொடவில்லை. இப்போது அவர் நகக்கண் எல்லாம் மா. போய்ப் பாருங்கள்."

அவர்கள் என்னை வெளியே அனுப்பினார்கள். பிறகு கூப்பிட்டார்கள். அந்தப் பெண் எழும்பிக் கை தந்தபோதுதான் சித்தியடைந்துவிட்டேன் என்று தெரிந்தது. சைகைப் படியை நான் தவறவிட்டதாகவும், காத்திருந்தது தேவைக்கு மேல் நீண்டதாகவும் புள்ளி குறைத்திருந்தார்கள். குறைக்கட்டும். பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்காவுக்குச் சொன்னேன். "அப்ப இனி நீ பத்திரம் உள்ள விளையாட்டுக்காரி" என்றாள். ஆரணி கைபேசியில் நிறையப் பூக்களை அனுப்பினாள். கீழே தமிழில், ஆங்கில எழுத்தில், சந்தோசம் அம்மா என்று இருந்தது.

7

இன்று விடுமுறை எடுத்திருந்தேன். மத்தியானம் இவருக்குப் பிடித்த சமையல் செய்தேன். சிவப்பரிசிச் சோறு, மீன் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன். தட்டை இவர் முன்னால் வைத்தேன். எதிரே உட்கார்ந்தேன்.

இவர் வாயைத் திறக்கவில்லை, ஆனால் முகத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாளும் செய்வது அதுதான். நான் அசையவில்லை.

"என்ன?" என்றார்.

"சாப்பிடுங்கோ."

"சோதினை முடிஞ்சுது தானே?"

"ஓம். அது முடிஞ்சுது."

அவருக்கு விளங்கியது. முகம் மாறியது. ஆரணி மேலே கோபப்பட்டது போல இல்லை, வேறு மாதிரி. அந்தக் கல்யாணப் பந்தியில் பார்த்த முகம். நேற்று அந்த இருவருக்கு முன்னால் நான் பட்ட பயமெல்லாம் ஒரு பயமா என்று இருந்தது. அங்கே சரி பிழை சொல்ல ஆட்கள் இருந்தார்கள். இங்கே யாருமில்லை. இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனால் நான் என்ன செய்வேன்? இனி எனக்குக் கிட்டவே வராமல் விட்டால்? எத்தனை நாள் தீத்தின கையை அவர் வேண்டாம் என்று சொன்னால்? கதிரையின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சோறு ஆறியது. குழம்பில் எண்ணெய் படரத் தொடங்கியது. இவர் கையை மடியிலிருந்து எடுத்து மேசை விளிம்பில் வைத்தார். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

"நீர் பாக்காதையும்" என்றார்.

"நான் பாக்கேல்லை."

"பாக்கிறீர். அங்காலை திரும்பும்."

கதிரையோடு திரும்பி, குளிர்ப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பின்னால் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தட்டு மேசையில் நகர்ந்தது. ஏதோ நிலத்தில் விழுந்தது, சோறாகத்தான் இருக்க வேண்டும். இவர் மூச்சு விடுவது கேட்டது. மீன் முள் இருக்கிறதே, நான் எடுத்துவிடவில்லையே என்று நெஞ்சு பதறியது. திரும்பலாமா என்று நினைத்தேன். திரும்பவில்லை. மெல்லும் சத்தம் கேட்டது. மறுபடி தட்டு நகர்ந்தது. மறுபடி ஏதோ கொட்டியது. ஒரு கெட்ட வார்த்தை, பல்லுக்குள். பிறகு மறுபடியும் மெல்லும் சத்தம். இது எவ்வளவு நேரம் போனதென்று எனக்குத் தெரியாது. என் கன்னம் நனைந்திருந்தது.

"இஞ்சாரும்" என்று கூப்பிட்டார். "சோறு காஞ்சு போச்சு. கொஞ்சம் சொதி விடும்."

என் கை எழும்பிவிட்டது. அதைப் பிடித்து மடியில் வைத்தேன்.

"சட்டி உங்களுக்குப் பக்கத்திலைதான் இருக்கு" என்றேன், திரும்பாமல்.